படம் விழுந்தது சகுனமா, சுவரா?

இல்லமும் வசதியும்

வண்டிப்பெரியாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மையார் எழுதிய கடிதம் இம்மாதம் என் மேஜைமீது இருக்கிறது. காலஞ்சென்ற தம் கணவரின் படத்தைக் கண்ணாடியிட்டு வீட்டின் உட்புறச் சுவரில் மாட்டினாராம். இரண்டு வாரத்தில் அது ஆணியோடு கழன்று விழுந்தது. வேறிடத்தில் இன்னும் பெரிய ஆணியாகப் பார்த்து அடித்து மறுபடியும் மாட்டினார். ஆடி மாதத்து மழையில் ஓரிரவு அதுவும் விழுந்து, கண்ணாடி நொறுங்கிற்று. "அவருக்கு ஏதோ மனக்குறை இருக்கிறது, பரிகாரம் செய்தாக வேண்டும்" என்று உறவினர் கூறுகின்றனராம். அப்பரிகாரத்திற்குக் கேட்கப்படும் தொகையையும் அம்மையார் குறித்திருக்கிறார். அது அவருடைய பல நாட் கூலி.

சகுனத்தைப் பற்றி விவாதிப்பது இப்பகுதியின் வேலையன்று. ஆனால் கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் எழுதப்பட்ட ஒரு வாக்கியம் என் கண்ணில் பட்டது. "சுவர் பலகைச் சுவர்தான், மேலே காகிதம் ஒட்டிச் சாயம் அடித்திருக்கிறது" என்கிறார். அவருடைய வினாவுக்கு விடை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறதென்பது என் அபிப்பிராயம். விடையைச் சொல்லுமுன், சுவரை அறியாமல் நான் செய்த பிழையொன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறருக்குப் புத்தி சொல்லுகிறவன் தன் கதையை மறைத்தல் முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகி ஒற்றப்பாலத்துக்கு வந்த புதிதில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். கூடத்துச் சுவரில் ஓர் அலமாரிப் பலகை பொருத்த எண்ணி, "சுவர் எதனால் கட்டியது?" என்று வீட்டுக்காரரை வினவினேன். "செங்கல்லு" என்றார். செங்கல் என்றால் நமக்குத் தெரியாததா? கடைக்குச் சென்று இரண்டு அங்குலத்து எஃகு ஆணிகள் நான்கு வாங்கிவந்து, இரண்டு தாங்கிகளை வைத்து அடித்தேன். ஆணிகள் வெகு சுலபமாக இறங்கின. அந்தச் சுலபம் என்னை எச்சரித்திருக்க வேண்டும். நானோ என் கைத்திறமை என்று எண்ணி மகிழ்ந்தேன். பலகைமீது புத்தகங்களும், ஊரிலிருந்து கொணர்ந்த பித்தளைக் குத்துவிளக்கும் ஏறின. பலகைக்கு நேர் கீழே பாய். பாயில் பகல் வேளையில் எங்கள் குழந்தை உறங்குவது வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பலகை முழுவதும் சரிந்தது. குத்துவிளக்கின் அடிப்பாகம் பாயில் விழுந்து தரையில் பள்ளம் செய்தது. குழந்தை சற்று முன்னர் விழித்தெழுந்து தாயோடு கொல்லைப்புறம் போயிருந்தது. என் மனைவி வந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் பாயைச் சுருட்டி எதிர்ச் சுவரோரம் கொண்டுபோய்ப் போட்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்டை வீட்டில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து நெடுநாளாய்த் தங்கிவிட்ட முதிய கொத்தனார் ஒருவர் இருந்தார். ஆணி பெயர்ந்த குழியில் விரலை விட்டு, மஞ்சள் நிறக் களிமண்ணை எடுத்துக் காட்டினார். "தம்பி, இந்த ஊர்லே செங்கல்லுன்னா நம்ம ஊருச் செங்கல் இல்லை. பூமியிலே வெட்டி எடுக்கிற கல்லு. சூளையிலே சுட்டதை இவங்க இஷ்டிகன்னு சொல்லுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டு ஆணி வாங்கியிருக்கணும்" என்றார்.

ஒரு சொல் செய்த வினை! பழந்தமிழில் சுட்ட கல்லுக்கு இட்டிகை என்றே பெயர். சங்க இலக்கியத்தில் அச்சொல் உண்டு. நாம் கைவிட்ட சொல்லை மலையாளத்தார் வைத்துக்கொண்டிருக்கின்றனர். செங்கல் என்ற நம் சொல்லையோ, சிவந்த கல்லாகிய வெட்டுக்கல்லுக்கு இட்டுவிட்டனர். எல்லையைத் தாண்டி வந்து குடியேறும் நம்மவர் வீடு பார்க்கும்போது, "இஷ்டிகையா, வெட்டுக்கல்லா?" என்று கேட்பது நலம்.

இந்த வெட்டுக்கல்லுக்கு உலகப் புகழ் உண்டென்பது பலர் அறியாதது. 1800-ஆம் ஆண்டு கும்பினியாரால் அனுப்பப்பட்டு மைசூர், மலபார்ப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர், அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்டார். தோண்டும்போது கத்தியால் அறுக்கத்தக்க மென்மையும், காற்றுப்பட்டபின் செங்கல்லை ஒத்த கடினமும் உடையதாயிருப்பதைக் குறித்துக்கொண்டு, லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்று பெயர் சூட்டினார். அவருடைய நூல் 1807-இல் வெளிவந்தது. உலகெங்கும் நிலநூலார் இன்று வழங்கும் பெயர், ஷொரணூரிலிருந்து நிலம்பூர் செல்லும் வண்டி நிற்கும் ஒரு சிறு நிலையத்து ஊரில் பிறந்ததாகும்.

வெட்டுக்கல்லின் மேனி புழு அரித்தாற்போல் துளைகள் நிறைந்தது. துளைகளுள் சில வெறுமையாயிருக்கும். சில களிமண் அடைத்திருக்கும். இரும்புச் சத்து மிகுந்த பகுதி கடினமாயும், அடுத்த அரை அங்குலம் மாவாயும் இருக்கலாம். இதன்மேல் அரை அங்குலம் சிமெண்டுப் பூச்சும் சாயமும் ஏறிவிட்டால் உள்ளே இருப்பது எவருக்கும் தெரியாது. நான் அடித்த இரண்டு அங்குல ஆணியில், தாங்கியின் தகடும் பூச்சும் போக எஞ்சியது ஒன்றேகால் அங்குலம். அது களிமண்ணில் இறங்கியிருந்தது. பலகையைத் தாங்கியது சுவரன்று, சுவரின் தோல்.

இத்தகைய சுவரில் சுத்தியலுக்கு வேலை கொடுக்கலாகாது. அடி விழ விழக் கல் உள்ளுக்குள் உதிரும். துளையிடும் யந்திரத்தைக்கூடத் தட்டும் விசையை நிறுத்திவிட்டு, சுழலும் விசையில் மட்டும் ஓட்ட வேண்டும். இரண்டு அங்குல நீளத்துக்குக் குறையாத பிளக்கும், அதைவிடச் சற்று நீண்ட திருகாணியும் வேண்டும். துளையில் பிளக் தளர்வாக நுழைந்தால் அவ்விடத்தைக் கைவிட்டு நான்கு விரற்கிடை தள்ளி வேறிடம் பார்ப்பதே சரி. தீக்குச்சியைச் செருகி இறுக்குவது நம் வீடுகளில் பரம்பரை வைத்தியம். நாட்காட்டிக்கு அது போதும், அலமாரிக்குப் போதாது. கனமான பொருளை அங்கேயே மாட்டியாக வேண்டுமானால் கொத்தனார் காட்டிய வழி ஒன்று உண்டு. வாய் சிறுத்து உள் அகன்ற குழியாக வெட்டித் தூசியைத் துடைத்து, நீர் தெளித்து, வால் பிளந்த இரும்புக் கொக்கியை வைத்துச் சிமெண்டுக் கலவையால் அடைத்து, ஒரு வாரமேனும் ஈரம் காட்டி விட்டுவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வழியன்று.

நிற்க. நம் முன்னோர் சுவரில் இவ்வளவு பாரம் ஏற்றியதுண்டா என்று எண்ணிப் பார்க்கலாம். விளக்குக்கு மாடக்குழி, அது சுவர் எழும்பும்போதே விடப்படுவது. தயிர்ப்பானைக்கு உறி, அது விட்டத்திலிருந்து தொங்கும். துணிக்குக் கொடி, அது தூணுக்குத் தூண் கட்டுவது. மண் சுவரின் வலிமையை அறிந்தவர்கள் அதன்மேல் எதையும் தொங்கவிடாமல், பாரத்தை மரத்தினிடமே ஒப்படைத்தனர். கண்ணாடியிட்ட படங்கள் நம் வீடுகளில் பெருகியது அண்மைக் காலத்தில்தான். கிளிமானூர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தெய்வப் படங்களை வண்ணத்தில் அச்சிட்டு விற்கலானார். அதன்பின் லட்சுமியும் சரஸ்வதியும் எளியோர் வீட்டுச் சுவர்களுக்கும் வந்தனர். சிவகாசி நாட்காட்டிகள் பின்தொடர்ந்தன. சுவரோ பழைய சுவரே.

சுவரில் பொருள் மாட்டுவது சீமையிலும் தொல்லையாகவே இருந்தது. சதுரமாகக் குழி பறித்து, மரக்கட்டையை அறைந்து, அக்கட்டையில் திருகாணி முடுக்குவதே அக்கால வழக்கம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சார சாதனங்களைச் சுவர் சிதையாமல் பொருத்த வேண்டிய வேலை ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவருக்கு நேர்ந்தது. அவர் 1911-இல் சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிச் சிறு குழலாக்கித் துளையில் செருகினார். திருகாணி உள்ளே செல்லச் செல்லக் குழல் விரிந்து சுவரைக் கவ்வியது. இன்றும் நம் கடைகளில் 'ரால் பிளக்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது அவர் பெயரின் எச்சம். 1958-இல் ஜெர்மனியில் ஆர்தர் பிஷர் நைலானில் செய்த பிளக், இப்போது எங்கும் கிடைக்கும் வகைக்கு மூலம். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிளக் விரிந்து கவ்வுவதற்கு எதிரே திடமான பொருள் இருந்தாக வேண்டும். மாவிலும் வெறுவெளியிலும் அது விரிந்து பயனென்ன?

ஆகவே எந்த வீட்டிற்குக் குடிபோனாலும் முதலில் சுவரைச் சோதிக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டுக. திடமான சுவர் மந்தமாக ஒலிக்கும்; உள்ளே வெளியுள்ள சுவர் முழங்கும். தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் கலகலத்தால் அங்கே பூச்சு கல்லைவிட்டுப் பிரிந்திருக்கிறதென்று கொள்க. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் கல்பாத்திப் புழை கரைபுரண்டு பாலக்காட்டில் பல வீடுகளுக்குள் நீர் புகுந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நீரில் ஊறிய சுவர்களில் வெளித்தோற்றம் பழையபடி இருந்தாலும் பூச்சின் பிடிப்புத் தளர்ந்திருக்கலாம். அத்தகைய வீடுகளில் இருப்போர் தட்டிப் பாராமல் ஆணியடிக்க வேண்டாம்.

தட்டிய பின், கதவுக்குப் பின்புறம் போன்ற மறைவிடத்தில் மெல்லிய துளையொன்று இட்டு, உதிரும் தூளைக் காகிதத்தில் ஏந்திப் பார்க்கலாம். பூச்சின் சாம்பல் நிறத்துக்குப் பின் செந்தூள் உலர்ந்து சீராக வந்தால் சூளைச் செங்கல். அது நல்ல சுவர். செம்மையும் மஞ்சளும் கலந்து ஈரப்பசையோடு வந்தால் வெட்டுக்கல். வெண்சாம்பல் மாவாக, எதிர்ப்பே இல்லாமல் வந்தால் இக்காலத்து இலேசான காற்றுக் கட்டி. அதற்கென்று விற்கும் நீண்ட பிளக் அன்றி வேறெதுவும் நிற்காது. சாம்பல் தூள் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் வந்து, பிறகு யந்திரம் திடீரென்று உள்ளே பாய்ந்தால் அது ஹாலோ பிளாக். அதில் சாதாரணப் பிளக் உள்ளே விழுந்து மறைந்துவிடும். அப்பாலே சென்று சிறகுபோல் விரியும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மூணாறு, பீர்மேட்டுப் பழைய லயங்களில் கருங்கல்லைச் சேர்த்துக் கட்டிய சுவராயின் ஓரிடத்தில் யந்திரம் வழுக்கும், ஒரு சாண் தள்ளிச் சாந்தில் வெண்ணெயாய் இறங்கும். அங்கே பொறுமையே கருவி. கல்நார்த் தகட்டால் தடுத்த அறைகளில் மட்டும் துளையிடவே வேண்டாம். அத்தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குப் பெருங்கேடு.

துளையிடுமுன் சுவிட்சுப் பெட்டி எங்கிருக்கிறதென்று பார்த்துக்கொள்க. சுவருக்குள் பதித்த மின்கம்பிகள் பெரும்பாலும் அப்பெட்டியிலிருந்து நேர் மேலேயோ நேர் கீழேயோ செல்லும். அந்த நேர்கோட்டில் இருபுறமும் ஒரு சாண் அகலத்தை விட்டு விலகிவிடுவதும், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கை ஆணியைத் தொடுவதும் உயிர் விஷயம். குளியலறையின் மறுபுறச் சுவராயின் நீர்க்குழாய்க்கும் இதே எச்சரிக்கை.

பாரத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 4 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ எடையுள்ளது. ஆகவே 2 அடிக்கு 3 அடிப் படமென்றால் கண்ணாடி மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல். படமாவது சுவரையொட்டிக் கீழ்நோக்கியே இழுக்கிறது. அலமாரிப் பலகையோ ஆணியை வெளிநோக்கிப் பிடுங்குகிறது. 10 கிலோ பாரம் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்தால், தாங்கி 20 சென்டிமீட்டர் உயரமாயிருக்கும்போது மேல் ஆணிகளைப் பிடுங்கும் விசை ஏறத்தாழ ஏழரைக் கிலோ. அதே பாரத்துக்கு 10 சென்டிமீட்டர் தாங்கி வைத்தால் விசை 15 கிலோவாகிவிடும். நான் ஒற்றப்பாலத்தில் வாங்கியது சிறிய தாங்கி. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று வாங்கினேன்.

ஆணியிலிருந்து படம் துள்ளி விழுவதும் உண்டு. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 12-இல் இடுக்கி, கோட்டயம் பகுதிகளில் நிலம் நடுங்கிற்று. 2024 ஜூன் 15 காலையில் திருச்சூர், பாலக்காடு எல்லையில் சிறு நடுக்கம் உணரப்பட்டது. பெரிய சேதம் செய்யாத நடுக்கமும், நேர் ஆணியில் வெறுமனே சாத்திய படத்தைத் தள்ளிவிடப் போதும். எங்களைப்போல் இருப்புப் பாதை ஓரத்தில் வசிப்போருக்கு நிலநடுக்கமே தேவையில்லை. இரவில் இரண்டு சரக்கு வண்டி போனால் விடியற்காலையில் முருகன் ஒருபுறம் சாய்ந்து நிற்பார். வாய் மூடிய கொக்கியும், படத்தின் கீழ் மூலைகளில் ஒட்டிய சைக்கிள் டியூப் துண்டுகளும் எங்கள் வீட்டில் அதை நிறுத்திவிட்டன.

தூளியைப் பற்றிச் சித்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கான்கிரீட் கூரையில் துளையிட்டுப் பிளக்கில் கொக்கி முடுக்கிக் குழந்தையைத் தொங்கவிடலாமா என்பது வினா. கூடாது. ஆட்டம் ஓயாத பாரத்துக்குப் பிளக் ஏற்றதன்று. கூரை போடும்போதே கம்பியோடு பிணைத்து வைத்த கொக்கியாயிருக்க வேண்டும், அல்லது உறுதியான விட்டமாயிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டில் தரையில் நிற்கும் தொட்டிலே மேல்.

இனி வண்டிப்பெரியாறு அம்மையாரின் பலகைச் சுவருக்கு வருவோம். பலகைச் சுவர் தானாக நிற்பதில்லை. உள்ளே தரைமுதல் மேல்வரை குத்துக்கால்கள் நட்டு, அவற்றின்மேல் பலகை அறைவர். குத்துக்காலுக்கும் குத்துக்காலுக்கும் இடையே இருப்பது அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ கனமுள்ள பலகை மட்டுமே. அதன் பின்னே வெறுவெளி. மழைக்காலத்தில் பலகை ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், வெயிலில் சுருங்கும். நடுப்பலகையில் அடித்த ஆணி ஒவ்வொரு மழைக்கும் சிறிது தளரும். பெரிய ஆணி இன்னும் விரைவில் பலகையைப் பிளக்கும். அம்மையாரின் படம் முதல் முறையைவிட இரண்டாம் முறை கண்ணாடி நொறுங்க விழுந்ததற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

குத்துக்காலைக் கண்டுபிடிப்பது எளிது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டிச் சுவரை உரசினாற்போல் மெல்ல நகர்த்துக. காகிதத்துக்குக் கீழே ஆணித்தலை இருக்குமிடத்தில் காந்தம் ஒட்டும். அங்கே பென்சிலால் புள்ளியிடுக. மேலும் கீழுமாகப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் அக்கோட்டின் பின்னே குத்துக்கால் நிற்கிறது. முட்டியால் தட்டினால் அங்கே முழக்கம் அடங்கும். பக்கவாட்டில் ஏறத்தாழ இரண்டடி தள்ளி அடுத்த வரிசை இருக்கக்கூடும். நகரத்து வீடுகளில் ஜிப்சம் பலகைத் தடுப்பு வைத்திருப்போருக்கும் இதே முறைதான். அங்கே காந்தம் ஒட்டுவது தகரக் குத்துக்காலிலும் அதன் திருகாணிகளிலும்.

வேண்டிய இடத்தில் குத்துக்கால் அமையாவிடில், இரண்டு குத்துக்கால்களைத் தொடும்படி மூன்று அங்குல அகலமுள்ள ரீப்பர் ஒன்றைக் குறுக்கே வைத்து, இரு முனையிலும் முதலில் மெல்லிய துளையிட்டு, இரண்டரை அங்குலத் திருகாணியால் முடுக்க வேண்டும். ஆணி வேண்டாம். திருகாணி இறுதிவரை கைக்கு எதிர்ப்புக் காட்டியே இறங்க வேண்டும். நடுவில் இலகுவானால் குத்துக்கால் தவறிவிட்டதென்று பொருள். அந்த ரீப்பரில் எங்கே வேண்டுமானாலும் கொக்கி வைக்கலாம். ஒன்றுக்கு இரண்டாக வைப்பது நலம். நொறுங்கிய கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போடச் சொன்னால் அப்பாரம் பாதியாகக் குறையும். தப்பி விழுந்தாலும் சிதறாது. தோட்டத்து வீடாதலின் துளையிடுமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். பின்னொரு நாள் காலிசெய்ய நேர்ந்தால் துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடலாம்.

காந்தம் முதலியவற்றின் செலவு மிகச் சொற்பம். தச்சு வேலை தெரிந்த ஒருவர் அரை நாள் உதவினால் போதும். கணவருக்குத் திதி கொடுப்பதும் விளக்கேற்றுவதும் அம்மையாரின் விருப்பம். அதில் நான் தலையிடேன். படத்தை மாட்டி ஒரு மழைக்காலம் கழிந்த பின் ஒரு வரி எழுதுவாரென்று எதிர்பார்க்கிறேன்.

எங்கள் வீட்டுப் புத்தகங்கள் இப்போது தரையில் காலூன்றி நிற்கும் அலமாரியில் இருக்கின்றன. அது முன்புறம் கவிழாதிருக்க மேலே இரண்டு திருகாணிகள் சுவரைப் பற்றியிருக்கின்றன. குத்துவிளக்கு பூஜையறையில் தரையிலேயே இருக்கிறது. பாயை மட்டும் என் மனைவி இன்னும் எதிர்ச் சுவரோரம்தான் விரிக்கிறாள்.